பதினாலாவது ஷரத்து

அந்தப் பையை மிதிச்சிராதீங்க பாய். கொஞ்சம் இந்தப் பக்கமா உக்காந்து வேலை பாருங்க. நகர்த்தி வைக்கலாம்தான், ஆனா நான் தொட்டா அதுக்கு ஒரு சண்டை வரும். என் வீட்டுக்காரியோட பை. நாலு நாளா வாசக்கதவுகிட்டயே உக்காந்திருக்கு. உள்ளே ஆறு சேலை, சுகர் மாத்திரை டப்பா, கோயில்பட்டிக்கு டிக்கெட். இன்னைக்கு சாயந்தர வண்டி.

புதுப் பூட்டுக்கு மூணு சாவின்னு சொன்னீங்கல்ல? அதுல ஒண்ணு எதிர் வீட்டுக்குப் போகணுமாம். போகலைன்னா இவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருவாளாம். நாப்பத்தோரு வருஷம் என்கூட குடும்பம் நடத்துனவ சொல்ற பேச்சா பாய் இது? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்ல வேண்டாம், நீங்க வேலையைப் பாருங்க. நான் பேசிக்கிட்டே இருப்பேன், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

கீழே கேட்ல உங்க ஆதாரை போட்டோ எடுத்தாங்களா? பையைத் திறந்து பாத்தாங்களா? கோவிச்சுக்கிடாதீங்க. அது ஏழாவது ஷரத்து. நான் எழுதினதுதான். என் சம்பந்தி வந்தப்பக்கூட எடுத்தாங்க. அவருக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு, ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆனா பாத்துக்கிடுங்க, ஒருத்தரை மட்டும் சந்தேகப்பட்டா அது தப்பு. எல்லாரையும் ஒரே மாதிரி சந்தேகப்பட்டா அதுல தப்பே கிடையாது. அதுக்குப் பேர் சமத்துவம்.

என்ன கேட்டீங்க? உள்பக்கம் குமிழா? வேண்டாம் பாய், போன்லயே சொன்னேனே. உள்ளேயும் சாவி போட்டாத்தான் திறக்கணும், வெளியேயும் சாவி போட்டாத்தான் திறக்கணும். ஜன்னல் வழியா திருடன் ஒரு கம்பியை விட்டுக் குமிழைத் திருகிட்டான்னா? இந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான் திருகுறானாம். அவசரத்துக்கா? என்ன அவசரம்? சாவி என் இடுப்புல இருக்கும். நான் இருக்கும்போது என்ன அவசரம் வந்துரப் போகுது? நீங்க போடுங்க. கதவுக்குக் கீழேயும் பாருங்க, ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி. அதுக்கு ஒரு ரப்பர் பட்டை அடிக்கணும். எதை வேணா உள்ளே தள்ளலாம். சரி, அதை அடுத்த வாரம் பாக்கலாம்.

நான் என்ன வேலை பாத்தேன் தெரியுமா? சார்பதிவாளர் ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம். கோயில்பட்டியில ஆரம்பிச்சு தாம்பரத்துல முடிச்சேன். பத்திரத்துல எல்லாம் ஒரு வரி வரும், நீங்க பாத்திருப்பீங்க. "தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்." தானசெட்டில்மெண்ட்ல அந்த வரி இல்லாம வராது. அண்ணன் தம்பிக்கு எழுதுவான், அப்பா மகளுக்கு எழுதுவாரு. கண்ணுல தண்ணி நிக்கும். நான்தான் கட்டைவிரலைப் பிடிச்சு மையில வச்சு உருட்டி எடுப்பேன். அடுத்த வருஷம் அதே ஆளுங்க வருவாங்க, ரத்துப் பத்திரத்தோட. அதே விரல், அதே மை. அன்பையும் பிரியத்தையும் மட்டும் காணோம். முப்பத்தோரு வருஷம் இதையே பாத்தவன் பாய் நான். எனக்கு மனுசன் பேச்சுல நம்பிக்கை இல்ல, காகிதத்துலதான் நம்பிக்கை. காகிதமும் ரெண்டு சாட்சி போட்டிருந்தாத்தான்.

இந்தக் குடியிருப்புக்கு வந்தப்போ இருபத்திநாலு வீட்லயும் ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரியாது. லிஃப்ட்ல சிரிப்பாங்க, அவ்வளவுதான். ஒரு மழை வருஷம் கீழ்வீடெல்லாம் தண்ணி ஏறிப்போச்சு. எல்லாரும் மொட்டை மாடிக்கு வந்துட்டாங்க. நாலு நாள் ஒரே அடுப்பு, ஒரே சோறு. எல்லாரும் அண்ணே, அக்கான்னு ஒரே பாசம். எனக்கு அப்பவே உள்ளுக்குள்ள இடிச்சுது, இது எத்தனை நாளைக்குன்னு. அஞ்சாம் நாள் தண்ணி வடிஞ்சுது. ஆறாம் நாள் யாரோட குக்கர் மூடியையோ யாரோ எடுத்துட்டாங்கன்னு பேச்சு. நான் சொன்னேன் பாத்தியான்னு வடிவுகிட்ட சொன்னேன். வடிவுங்கிறதுதான் என் வீட்டுக்காரி, சண்முகவடிவு. அவ என்ன சொன்னா தெரியுமா? "அந்த நாலு நாள் சோறு தின்னதை விட்டுட்டு மூடியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதீகளே"ன்னா. அவளுக்கு எப்பவும் எதுக்கும் ஒரு பேச்சு இருக்கும்.

அதுக்கப்புறம் அந்தக் குத்துவிளக்கு விவகாரம். கீழ்வீட்டு தேவராஜன் குடும்பத்தோட திருப்பதி போனாரு. சாவியை பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போனாரு, செடிக்குத் தண்ணி ஊத்தணும்னு. திரும்பி வந்து பாத்தா வெள்ளி விளக்கைக் காணோம். ரெண்டு வீடும் நடு வராந்தாவுல நின்னு கத்துன கத்துல நான் மூணாவது மாடியில டீயைக் கீழே ஊத்திட்டேன். போலீசுக்குப் போறேன்னு அவரு, போன்னு இவரு. மூணு நாள் கழிச்சு விளக்கு கிடைச்சுது. எங்கன்னு கேளுங்க. தேவராஜன் வீட்டுப் பரண்ல, பழைய போர்வைக்குள்ள. அவரு அம்மாதான் பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க, வச்சதை மறந்துட்டாங்க.

ஆமா பாய், கிடைச்சுதுதான். யாரும் எடுக்கலைதான். ஆனா கிடைக்காமப் போயிருந்தா? அதை யோசிச்சீங்களா? அதை யாருமே யோசிக்கலை, நான்தான் யோசிச்சேன்.

உக்காந்து எழுதினேன். பழைய காலத்து ஊர் வேற. அங்க ஒருத்தன் தப்புப் பண்ணினா அவன் தாத்தா பேரைச் சொல்லிக் கேக்க ஆள் இருந்தாங்க. இங்க யார் தாத்தா யாருக்குத் தெரியும்? முன்பின் தெரியாத இருபத்திநாலு குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கணும்னா அதுக்குப் புதுசா ஒரு ஏற்பாடு வேணும். சமுதாயம்னா என்ன பாய்? நான் உங்களை நம்பலை, நீங்க என்னை நம்பலை. அதை ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி. அவ்வளவுதான் சமுதாயம். "குடியிருப்போர் பொது ஒப்பந்தம்"னு தலைப்பு வச்சேன். இருபத்திரெண்டு ஷரத்து. "சுயநினைவுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும், மனப்பூர்வமாகச் சம்மதித்து"ன்னு ஆரம்பிச்சேன். பதினாலாவது ஷரத்து என்னன்னா, எந்த ஒரு வீட்டின் சாவியையும் வேறு எந்த வீட்டாரும் எக்காரணம் கொண்டும் வைத்திருக்கலாகாது. எக்காரணம் கொண்டும்! அதுக்குக் கீழே கோடு போட்டிருந்தேன்.

மொட்டை மாடியில கூட்டம் போட்டோம். கேசரி, போண்டா. பத்தே நிமிஷத்துல இருபத்திநாலு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தரும் ஒரு வரிகூடப் படிக்கலை. படிக்காமப் போடறாங்களேன்னு எனக்கு அதுலயும் ஒரு சந்தேகம்தான், ஆனா நல்லதுன்னு விட்டுட்டேன். யாருக்கெல்லாம் கையெழுத்து? வீட்டுக்கு ஒருத்தர், அதுவும் வீட்டுச் சொந்தக்காரர். வாடகைக்காரங்களுக்குக் கிடையாது. அவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க. எங்க வீட்டுக்கு நான் போட்டேன். வடிவு போண்டாத் தட்டை எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தா.

இப்போ எதிர் வீட்டுக்கு வரேன். அதோ, மூணு பி. ஜெசிந்தா. உள்ளே டக டகன்னு சத்தம் கேக்குதா? தையல் மிஷின். காலையில ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடும். ஜாக்கெட் தைக்குது. மணப்பாட்டுப் பக்கம் அதுக்கு ஊரு. புருஷன் கப்பல்ல வேலை, வருஷத்துல ரெண்டு மாசம்தான் இங்க. வாடகைதான். வீட்ல தொழில் நடத்தக் கூடாதுன்னு ஒன்பதாவது ஷரத்து இருக்கு, நான் நோட்டீஸ் அனுப்பினேன். அது வந்து நின்னு, "அங்கிள், நான் இதுல கையெழுத்தே போடலியே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. அன்னைக்கே எனக்குப் பிடிக்கலை. நோட்டீஸ் வாங்கிட்டுச் சிரிக்கிறவங்களை நான் நம்புறதில்ல.

வடிவுக்கு அது நல்லாப் பழக்கம். நான் வெளியே போனா கதவைத் திறந்து வச்சுக்கிட்டு ரெண்டும் எதிரும் புதிருமா உக்காந்து பேசும். திறந்த கதவு வழியா யார் வேணா வரலாமே பாய். எத்தனை தடவை சொல்லுறது? அதனால நான் ஒரு வழக்கம் வச்சுக்கிட்டேன். வெளியே போறப்போ வெளித்தாழ்ப்பாள்ல பூட்டுப் போட்டுருவேன். இதோ நீங்க இப்போ கழட்டி வச்சிருக்கீங்களே, அதே திண்டுக்கல் பூட்டு. ஐயோ, அப்படிப் பாக்காதீங்க. பால்காரன் வந்தாலும் கூரியர்காரன் வந்தாலும் எந்திரிச்சு வந்து திறப்பா. முட்டி வலிக்காரி. அவ நல்லதுக்குத்தான்.

அந்தப் பூட்டுக்கும் மூணு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு பீரோவுல. மூணாவது போன வருஷம் காணாமப் போச்சு. பால்கனியில துடைக்கும்போது கீழே சாக்கடையில விழுந்துருச்சுன்னு வடிவு சொன்னா. நான் கீழே போய் ஒரு மணி நேரம் குச்சியை விட்டுக் கிண்டுனேன். அவ மேலேருந்து பாத்துக்கிட்டே இருந்தா பாய். "போதும், மேல வாங்க, வெயிலு"ன்னா.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை. பென்ஷன்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்துல போய் நேர்ல நிக்கணும், உயிரோடதான் இருக்கோம்னு காட்டணும். அதுக்குப் போனேன். எட்டு மணி. வடிவு அசந்து தூங்கிட்டிருந்தா. எழுப்புவானேன்னு வெளியே பூட்டிட்டுக் கிளம்பிட்டேன். அங்க வரிசையில நிக்கும்போது போன் அடிக்குது. பேர் இல்லாத நம்பர். பேர் இல்லாத நம்பரை நான் எடுக்கிறதில்ல. எடுத்தா கடன் வேணுமாங்கிறான், கார்டு வேணுமாங்கிறான். ஆறு தடவை அடிச்சுது. ஆறாவது தடவை போனையே அணைச்சுப் பையில போட்டுட்டேன். விரலை வச்சேன், உயிரோட இருக்கேன்னு சீட்டுக் குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்தா கதவு விரியத் திறந்து கிடக்கு.

நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? நான் நேரா பீரோகிட்டதான் ஓடினேன். பூட்டின பீரோ பூட்டினபடி இருக்கு. பத்திரம், நகை, எல்லாம் இருக்கு. டிவி இருக்கு. சரி, எடுக்கறதுக்குள்ள ஆளைக் கண்டு ஓடிட்டான்போலன்னு நினைச்சேன். அப்புறம்தான் அடுக்களைக்குப் போனேன். குக்கர் இறக்கி வச்சிருந்துது. தரையில டம்ளர் உருண்டு கிடக்குது, கருப்பட்டித் தண்ணி கொட்டி எறும்பு வந்திருக்கு. வடிவோட ஒரு செருப்பு இருக்கு, ஒண்ணைக் காணோம். அப்பத்தான் பாய் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கத்துனேன்.

வாட்ச்மேன் மேல வந்து சொன்னான், அம்மாவை ஆட்டோவுல தூக்கிட்டுப் போயிருக்காங்கன்னு. யாருன்னேன். எதிர் வீட்டு அக்கான்னான்.

நடந்தது இதுதான். இவ எந்திரிச்சு மாத்திரையைப் போட்டுட்டு, ஒண்ணும் சாப்பிடாம அரிசியைக் குக்கர்ல வச்சிருக்கா. சர்க்கரை இறங்கிருச்சு. அப்படியே சரிஞ்சுட்டா. எதிர் வீட்ல அந்தப் பொண்ணு தைச்சுக்கிட்டிருந்திருக்கு. வடிவு குக்கர் வச்சா மூணு விசில்ல அணைச்சிருவாளாம். அன்னைக்கு நாலு ஆச்சு, அஞ்சு ஆச்சு. மிஷினை நிறுத்திட்டு எண்ணியிருக்கு பாய். ஏழாவது விசிலுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கு. வெளியே பூட்டு. "ஆன்ட்டி, ஆன்ட்டி"ன்னு கூப்பிட்டிருக்கு, பதிலே இல்ல. ஓடிப் போய் சாவியை எடுத்துட்டு வந்து திறந்திருக்கு.

சாவியை எடுத்துட்டு வந்து! கேட்டீங்களா? எங்கேருந்து எடுத்துட்டு வந்துது?

ஆஸ்பத்திரியில போய்ப் பாக்கிறேன். வடிவு படுத்திருக்கா, கையில ட்ரிப் ஏறுது, கண்ணு முழிச்சிருக்கா. பக்கத்துல அந்தப் பொண்ணு நிக்குது. கழுத்துல அளவு நாடா அப்படியே தொங்குது, தோள்ல நூலு ஒட்டியிருக்கு. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னு டாக்டர் சொல்றாரு. நான் தலையாட்டினேன். எல்லாம் காதுல விழுதுதான். ஆனா என் புத்தி முழுக்க ஒரே இடத்துல நிக்குது. நான் அந்தப் பொண்ணைப் பாத்துக் கேட்ட முதல் கேள்வி, "சாவி எப்படி உன்கிட்ட வந்துது?"

தப்பா பாய்? நீங்க எதுக்கு வேலையை நிறுத்திட்டுப் பாக்குறீங்க? திருகுங்க, திருகுங்க.

வடிவுதான் சொன்னா. "நான் குடுத்தேன். சாக்கடையில விழலை. பதினாலு மாசமா அவகிட்டதான் இருக்கு." எனக்கு அந்த ஒரு மணி நேரம் வெயில்ல குச்சியை விட்டுக் கிண்டுனது ஞாபகம் வந்துது. "பதினாலாவது ஷரத்துன்னு ஒண்ணு இருக்கே, அது தெரியுமா உனக்கு"ன்னு கேட்டேன். படுத்துக்கிட்டே என்னைப் பாத்தா. "உங்க ஒப்பந்தத்துல என் கையெழுத்து எங்க இருக்கு? இவ கையெழுத்து எங்க இருக்கு?"ன்னா.

கையெழுத்துப் போடாதவங்களை ஷரத்து கட்டுப்படுத்தாது. முப்பத்தோரு வருஷம் அதைத்தானே ஆபீஸுக்கு வந்தவன் போனவன்கிட்டயெல்லாம் சொல்லியிருக்கேன். சட்டப்படி அவ சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "நான் உள்ள விழுந்து கிடந்தா யாரு வருவா"ன்னு கேட்டா. "ஏன், நான் வர மாட்டனா"ன்னேன். "நீங்க போனையே எடுக்க மாட்டீக"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அன்னையிலேருந்து என்கூடப் பேச்சு இல்ல. சோறு போடுறா, மாத்திரை எடுத்து வைக்கிறா, பேச மாட்டேங்கிறா. நான் புதுப் பூட்டு போடப் போறேன்னு சொன்ன அன்னைக்குத்தான் வாயைத் திறந்தா. ஒரு சாவி ஜெசிந்தாகிட்ட, இல்லைன்னா கோயில்பட்டி. அதையும் என்னைப் பாத்துச் சொல்லலை, பையில சேலையை அடுக்கிக்கிட்டே சொன்னா.

எனக்கு என்ன சந்தேகம்னு கேக்குறீங்களா? பதினாலு மாசமா ஒருத்தி சாவியை வச்சிருக்கா. நாங்க பேத்தி பிறந்தநாளுக்குன்னு பெங்களூர்ல ஒரு வாரம் இருந்தோம். அப்போ உள்ளே வந்தாளோ என்னமோ? இல்ல, ஒண்ணும் காணாமப் போகலை. மூணு தடவை சரிபாத்துட்டேன். ஒண்ணுமே காணாமப் போகலைங்கிறதுதான் எனக்கு உறுத்துது. அடுத்த வீட்டு விசிலை எண்ணுறதுக்கு அதுக்கு என்ன வேலை? நாப்பத்தோரு வருஷமா அந்தக் குக்கர் சோத்தைத்தான் தின்னுறேன். எத்தனை விசில்னு நான் எண்ணினதில்ல. நானே எண்ணினதில்லங்கிறேன்!

சரி, உங்ககிட்ட என்ன மறைக்கிறது. நீங்க யாரோ, நான் யாரோ. எனக்குத் திருட்டு பயம் இல்ல பாய். இந்த வீட்ல என்ன இருக்கு தூக்கிட்டுப் போக? வடிவு என்னை நம்பலை. நான் இருக்கும்போதே, என்னைத் தாண்டி, வாடகைக்கு வந்த ஒருத்தியை நம்பியிருக்கா. என்னைக் குச்சியோட சாக்கடையில விட்டுட்டு மேல நின்னு பாத்திருக்கா. அதை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது.

அதுக்கு நான் ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கேன். இதோ, இந்தப் பேப்பரைப் பாருங்க. கண்ணாடி இருக்கா? நானே படிக்கிறேன். "குற்றாலிங்கம் ஆகிய நான், பூட்டு பழுதுபார்க்கும் தொழில் செய்துவரும்" அப்புறம் உங்க பேருக்கு இடம் விட்டிருக்கேன். ஒரு சாவி உங்ககிட்ட இருக்கட்டும் பாய். அவசரம்னா போன் பண்ணுவோம், நீங்க வந்து திறக்கணும். உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அன்பும் கிடையாது, பிரியமும் கிடையாது. அதனாலதான் உங்களை நம்பலாம். ஆதார் நகல் ஏற்கெனவே கீழே இருக்கு. எதிர் வீட்டுக்கும் குடுக்க வேண்டாம், அவளும் ஊருக்குப் போக வேண்டாம். எப்படி?

கடையிலேருந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆகும் உங்களுக்கு? முக்கால் மணியா? பாலத்துல நெரிசல் இல்லைன்னா? அப்பவும் அரை மணியா.

ம். டாக்டர் கால் மணின்னாரு.

சரி, அதைப் பாத்துக்கிடலாம். என்ன சிரிக்கிறீங்க? உங்க வீட்டுச் சாவியா? பக்கத்து வீட்டுப் பூக்காரம்மாகிட்டயா? நல்லா இருக்கு பாய் நியாயம்! ஊருக்கெல்லாம் பூட்டு போடுறீங்க, உங்க வீட்டுச் சாவி பூக்கூடைக்குள்ள கிடக்கு. எத்தனை வருஷமா? பதினெட்டு வருஷமா! எழுதி வாங்கிக்கிட்டீங்களா? இல்லையா? ஒரு துண்டுச் சீட்டுகூட? சரிதான், உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க.

முடிஞ்சுதா? குடுங்க, மூணையும் குடுங்க. நல்லாத்தான் இருக்கு, கனமா. சோதிச்சுப் பாக்கணுமா? யாராவது வெளியே போய்ப் பூட்டிப் பாக்கணுமா? நான் போறேன். நான் வெளியே போனா நீங்க மட்டும் உள்ளே இருப்பீங்களே. தப்பா எடுத்துக்கிடாதீங்க, நீங்க வெளியே போங்க, ஆனா சாவி உங்க கையில... இருங்க, வடிவு வரா. வா வடிவு. பூட்டுப் போட்டாச்சு பாத்தியா. இவரு சோதிச்சுப் பாக்கணுங்கிறாரு. நீ போய்ப் பூட்டிப் பாக்குறியா? இந்தா. ஒண்ணு போதுமே, மூணும் எதுக்கு? சரி, எடுத்துக்கோ. மூணையும் போட்டுப் பாக்கட்டும் பாய், அதுவும் நல்லதுதான்.

ஆ, பூட்டிட்டா. என்ன சுத்தமான சத்தம் பாருங்க. நல்ல பூட்டு. வடிவு, சரியா இருக்கு, திற. திறம்மா. அடுத்த சாவியைப் போட்டுப் பாரு.

வடிவு?

காலடிச் சத்தம் கேட்டுதா உங்களுக்கு? அந்தப் பக்கம் போன மாதிரி இல்ல? ரயிலுக்குப் போயிட்டாளா? பை எங்க? பை இங்கதான் இருக்கு. டிக்கெட்டும் இதுலதான் இருக்கு. அப்பாடா. எதிர் வீட்டுக் கதவு திறக்குது. சிரிப்புச் சத்தம் பாருங்க. மூணு வாரமா இந்த வீட்ல நான் கேக்காத சிரிப்பு. வடிவு! விளையாடாத! உள்ளே ஆள் இருக்காரு!

உள்ளேயிருந்து திறங்க பாய். உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கும்ல? இல்லையா? மூணுதானா? ஆமா, குமிழ் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். தெரியும், தெரியும், ரெண்டு தடவை கேட்டீங்க. ஒடச்சா கதவு போயிரும். ஜன்னல்ல கம்பி, பால்கனியிலயும் கம்பி, எல்லாம் நான் போட்டதுதான். வேர்க்குது பாய். அந்த ஃபேனை வேகமா வைங்க. அன்னைக்கு இவ இப்படித்தான் உள்ளே இருந்தாளா? தூங்கி எந்திரிச்சு, கதவைத் தள்ளிப் பாத்திருப்பாளோ? எத்தனை செவ்வாய்க்கிழமை தள்ளிப் பாத்தாளோ.

வடிவு போனை இங்கயே வச்சுட்டுப் போயிருக்கா. வாட்ச்மேனைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம், அவன்கிட்ட சாவியா இருக்கு? எதிர் வீட்டு நம்பர் என்கிட்ட கிடையாது. இல்ல, இருங்க. இருக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த ஆறு அழைப்பு. பேர் போடாத நம்பர். இன்னும் அழியாம இருக்கு. பாருங்க, எட்டு நாப்பத்தேழு, எட்டு நாப்பத்தெட்டு, எட்டு நாப்பத்தெட்டு, எட்டு நாப்பத்தொம்பது. பாவம், விடாம அடிச்சிருக்கு.

அடிக்குது. அங்க அடிக்கிறது இங்க கேக்குது பாத்தீங்களா. மிஷின் சத்தம் நின்னுருச்சு. எடுக்கலை. வேணும்னே எடுக்கலையோ? என்னை மாதிரி.

கதவுக்கிட்ட யாரோ வராங்க. என்ன அது, கீழே? அந்த இடைவெளியிலேருந்து எதையோ தள்ளுறாங்க. எடுங்க பாய், உங்க கால்கிட்டதான் இருக்கு. சாவி! போட்டுத் திறங்க. சேரலையா? எங்க, குடுங்க பாப்போம். இது நீங்க போட்ட பூட்டோட சாவி இல்லையே. பழசா இருக்கு, மேல சிவப்பு நூல் கட்டியிருக்கு. தையல் நூல்.

இது எதிர் வீட்டுச் சாவி பாய்.

அந்த வீட்டுச் சாவியை எதுக்கு எனக்குத் தள்ளுது? நோட்டீஸ் குடுத்தவன் நான். ஆஸ்பத்திரியில வச்சு அப்படிக் கேட்டவன். பத்து மாசம் தனியா இருக்கிற பொண்ணு. யோசிச்சுச் செய்யுதா, யோசிக்காமச் செய்யுதா? ஒரு கையெழுத்துகூட வாங்கலையே என்கிட்ட. இருங்க, போன் அடிக்குது. அதே நம்பர்.

ஹலோ. ஆமாம்மா, நான்தான், எதிர் வீடு. கிடைச்சுது. கையிலதான் இருக்கு. இல்லம்மா, பத்திரமா வச்சுக்கிடுதேன். உங்க ஆன்ட்டி அங்கதான் இருக்காளா? சாப்பிட்டாளா அவ? மாத்திரை போட்டா உடனே ஏதாவது வாயில போடணும், நீயும் கொஞ்சம் பாத்துக்கோ. எங்க புதுச் சாவியில ஒண்ணு உன்கிட்டயே இருக்கட்டும்மா. ஆமா, நான்தான் சொல்றேன். இப்போ வந்து திறந்து விடு தாயி, இங்க ரொம்பப் புழுக்கமா இருக்கு.